பதினான்காம் கட்டத்தில் யார் பெயர்

புத்ராஜெயாவிலிருந்து வந்த கடிதத்தை மோகனா மூன்று முறை படித்தாள். முதல் இரண்டு முறையும் பெருமையாகத்தான் இருந்தது. மூன்றாவது முறை படித்துவிட்டு அதைக் கவிழ்த்து வைத்தாள்.

ரப்பர் மரங்களைப் பிடித்திருக்கும் இலையுதிர் நோயைக் கட்டுப்படுத்த மலேசியாவும் இந்தியாவும் சேர்ந்து ஆராய்ச்சி செய்ய ஒப்பந்தம் போட்டிருந்தன. மலேசியத் தரப்பின் சோதனைக் களமாக, புக்கிட் பெலண்டோக் பக்கமிருக்கும் இந்தத் தோட்டத்தின் ஒன்பதாம் நம்பர் காட்டைத் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள். அங்கே மரங்களைக் காப்பாற்றிய குழி முறையைக் கன்னியாகுமரி மாவட்டத்திலும் பெரிய அளவில் செய்து பார்ப்பார்கள். அதை முதலில் தொடங்கிய திரு. வசந்தன் பத்து நாள் இந்தியாவுக்கு வந்து இரு நாட்டு நிபுணர்களுக்கும் விளக்க வேண்டும். கடிதத்தின் சாரம் இதுதான்.

திரு. வசந்தன் அவளுடைய கணவன். தோட்டத்து மண்டோர், பால்வெட்டுகிறவர்களை மேற்பார்வை பார்ப்பது அவன் வேலை. அவள் அதே தோட்டத்தின் ஆபிஸ் கிராணி, கணக்கும் கடிதமும் எழுதுபவள். மேனேஜர் அறையைவிட்டு வெளியே வந்து, "மோகனா, உன் ஹஸ்பண்ட் இப்ப இண்டர்நேசனல் ஆயிட்டார்லா!" என்று கை கொடுத்தார். அவளும் சிரித்துக்கொண்டே கை கொடுத்தாள்.

அந்தப் பெயரை அந்தப் படிவத்தில் தட்டியது அவளுடைய விரல்கள்தான். அது பொய் என்று அவளுக்குத் தெரியும்.

எட்டு மாதத்துக்கு முன்பு வந்த படிவம் அது. மொத்தம் இருபத்திரண்டு கட்டங்கள். பதினான்காம் கட்டத்தில், 'இந்த முறையை முதலில் கையாண்டவர் பெயர்' என்று இருந்தது. சாயங்காலம் அவன் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டாள். அவன் கோப்பையிலிருந்து வாயை எடுக்காமலே, "தனலெட்சுமின்னு போடு" என்றான்.

நான்கு வருட இல்லற வாழ்க்கையில் அந்தப் பெயரை அவன் அந்த வீட்டுக்குள் சொன்னது அதுதான் முதல் தடவை. அதுவும் எப்படி? ஒரு தயக்கம் இல்லை, ஒரு செருமல் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் பெயரைச் சொல்வது போல இயல்பாக.

தனலெட்சுமி அவனுடைய முதல் மனைவி. பன்னிரண்டு வருடம் அவனோடு வாழ்ந்தவள். ஒன்பதாம் நம்பரில் பால் வெட்டியவள். தோட்டத்தை விட்டு டவுனுக்குப் போகலாம் என்று அவளும், மரத்தை விட்டு எங்கேயும் வரமாட்டேன் என்று இவனும் இரண்டு வருடம் சண்டை போட்டு, கடைசியில் சிரம்பான் கோர்ட்டில் பிரிந்தார்கள். அது ஆறு வருடத்துக்கு முன்னால் நடந்தது. அவள் செண்டாயானுக்குப் போய்விட்டாள். அவள் வளர்த்த ஆடுகள் விற்கப்பட்டன. ஆனால் அவள் வெட்டி வைத்த குழிகள் மட்டும் போகவில்லை.

மரவரிசைகளுக்கு நடுவே முழங்கால் ஆழத்துக்கு நீளக் குழிகள். உதிர்ந்த இலைகளை வாரி அதில் போட்டு, ஆட்டுப் புழுக்கையைத் தூவி, மண் போட்டு மூடுவது தனலெட்சுமியின் வழக்கம். அவள் போன பிறகும் வசந்தன் அதை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால், மற்றப் பெண்களின் புருஷன்மார் லுக்குட் ஆற்றில் தூண்டில் போடப் போவார்கள். இவன், மலாய்க்காரர் ஒருவரின் ஆட்டுப் பண்ணையிலிருந்து இரண்டு சாக்குப் புழுக்கையை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு முதல் மனைவியின் குழிகளுக்குப் போவான். மத்தியானம் திரும்பி வரும்போது சட்டையெல்லாம் ஆட்டு வாடை அடிக்கும். அந்தச் சட்டையை மோகனாதான் துவைப்பாள்.

துவைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தோன்றும். ஒரு மனிதன் தன்னை விட்டுப் போனவள் செய்த வேலையை வாராவாரம் செய்கிறான் என்றால் அதற்கு என்ன பெயர்? விவசாயம் என்றா பெயர்?

மூன்று நான்கு வருடமாக நோய் வந்து சுற்றியிருந்த காடெல்லாம் வருடத்துக்கு மூன்று முறை மொட்டையாக நின்றது. பால் பாதியாகக் குறைந்தது. வெட்டித் தள்ளிவிட்டு எண்ணெய்ப்பனை நடக் கம்பெனி காத்திருந்தது. ஒன்பதாம் நம்பர் மட்டும் பச்சையாக நின்றது. அதைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். மண் எடுத்துப் போனார்கள். பிறகு படிவம் வந்தது.

இரண்டு அரசாங்கங்கள் படிக்கப் போகும் காகிதத்தில் தனலெட்சுமி என்ற பெயரைத் தன் கையால் எழுதுவதா? மோகனா பதினான்காம் கட்டத்தில் வசந்தன் என்று தட்டினாள். தட்டிய பிறகு ஒரு வாரம் நிம்மதியாகத் தூங்கினாள்.

*

கடிதத்தை அவள் வசந்தனிடம் காட்டவில்லை, இந்தியாவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னாள். அடுத்த திங்கட்கிழமை அவர்கள் வந்தார்கள். அமைச்சிலிருந்து பெண் அதிகாரி புவான் ரொஸ்னானி. இந்தியத் தரப்பு விஞ்ஞானி டாக்டர் முகுந்தன். முகுந்தனுக்குக் கன்னியாகுமரிப் பக்கம் குலசேகரம் சொந்த ஊர். அவருடைய அப்பாவும் பால் வெட்டியவராம். ஒன்பதாம் நம்பருக்குள் கால் வைத்ததும் அண்ணாந்து பார்த்து, "எங்க ஊரு மாதிரியே இருக்கு" என்றார். பிறகு குழிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மண்ணை விரலால் நசுக்கிப் பார்த்தார்.

"வசந்தன், ஒரு சந்தேகம். இந்த மண்ணுல ஒரு நல்ல பூஞ்சை இருக்கு. அதுதான் நோயைத் தடுக்குது. நீங்க படிவத்துல சொன்ன மாதிரியே ஊர்ல இருபது குழி வெட்டிப் பாத்தோம். ஒண்ணுலயும் அது வரல்ல. இங்கேயும் பழைய குழியில நிறைய இருக்கு, புதுக் குழியில கம்மியா இருக்கு. நீங்க தொடங்கினப்ப எப்படிச் செஞ்சீங்க?"

"நானா?" வசந்தன் சிரித்தான். "நான் தொடங்கலீங்க சார். தனலெட்சுமிதான். என் மொத சம்சாரம். படிவத்துலயே அவ பேர்தானே இருக்கு?"

முகுந்தன் புவான் ரொஸ்னானியைப் பார்த்தார். புவான் ரொஸ்னானி கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். பிறகு மூன்று பேரும் பின்னால் கோப்போடு நின்றுகொண்டிருந்த மோகனாவைப் பார்த்தார்கள்.

"டைப் பண்ணும்போது மாறிப் போச்சு போல" என்றாள் மோகனா. தன் குரல் தனக்கே கேட்கவில்லை.

வசந்தனின் காது சிவந்தது. கோபம் வந்தால் அவனுக்கு முதலில் சிவப்பது காதுதான்.

புவான் ரொஸ்னானி கடிந்துகொள்ளவில்லை. பொறுமையாக மலாயில் விளக்கினார். இது வெறும் பெயர் விஷயம் இல்லை. நம் நாட்டுச் சட்டமும் அதுதான், இந்தியாவின் சட்டமும் அதுதான். ஒரு முறையைக் கண்டுபிடித்தவர் தெரிந்து, புரிந்து, சம்மதித்துக் கையெழுத்துப் போடாமல் இந்தக் குழியிலிருந்து ஒரு பிடி மண்கூடக் கடலைத் தாண்டக் கூடாது. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு இரு நாட்டுக் குழுத் தலைவர்களும் சோதனைக் களங்களின் இணைப்புப் பட்டியலில் கையெழுத்துப் போடுகிறார்கள். அதற்குள் சரியான ஆளின் கையெழுத்து வரவில்லை என்றால் வேறு மாநிலத்தில் வேறு தோட்டம் அந்த இடத்துக்கு வந்துவிடும்.

அப்படி வந்துவிட்டால் ஒன்பதாம் நம்பர் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. எண்ணெய்ப்பனைக் கன்றுகள் நாற்றுப்பண்ணையில் தயாராக இருந்தது எல்லாருக்கும் தெரியும்.

"பயணத்துக்கும் ரெண்டு பேர் வேணும்" என்றார் முகுந்தன். "முறையைத் தொடங்கினவங்க ஒருத்தர், களத்தைப் பாத்துக்கறவங்க ஒருத்தர். வசந்தனே ரெண்டும்னு நினைச்சோம். இப்ப அந்த அம்மாவும் வசந்தனும் சேந்தே வரலாமே. நல்லதாப் போச்சு!"

நல்லதாப் போச்சாம்! மோகனா கோப்புக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். பத்து நாள். விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கை.

*

வீட்டுக்கு வந்ததும் வசந்தன் காலணியைக்கூடக் கழற்றாமல் நின்றான்.

"எதுக்கு என் பேரப் போட்ட?"

"நீங்கதானே ஆறு வருசமா அள்ளிக் கொட்டுறீங்க. வேற யார் பேரப் போடறது?"

"நான் சொன்ன பேர."

"சொன்னீங்க. ரொம்ப அழகாச் சொன்னீங்க."

"மோகனா, இது வெளையாட்டு இல்ல. ஒருத்தி செஞ்ச வேலைய நான் செஞ்சதாச் சொல்லி மேடையில ஏறி நிக்கவா? என்னைய என்னான்னு நெனச்ச?"

"ஏங்க, நான் கேக்கறேன். அவங்க போயிட்டாங்க. ஆட்டையும் வித்தாச்சு. அந்தக் குழிய மட்டும் எதுக்கு ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம போய்க் கும்புட்டுட்டு வர்றீங்க?"

அவன் அவளை விசித்திரமாகப் பார்த்தான். "மரம் நல்லா இருந்திச்சு. நல்லா இருக்கறத எதுக்கு நிறுத்தணும்?"

"அவ்ளோதானா?"

"வேற என்னா இருக்கு?"

வேறு என்ன இருக்கிறது என்று அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. சொல்லத் தெரியாத அதுதான் நான்கு வருடமாக அவளை அரித்துக்கொண்டிருந்தது.

"சரி" என்றான் வசந்தன். "நாளைக்கு லீவு போட்டுட்டு நானே செண்டாயானுக்குப் போறேன். கையெழுத்து வாங்கிட்டு வரேன்."

"நீங்க போகக் கூடாது. நான் போறேன்."

"நீயா? அவ வாயப் பத்தி உனக்குத் தெரியாது."

"உங்களுக்குத் தெரியுமில்ல? அதனாலதான் நீங்க போகக் கூடாதுங்கறேன்."

*

புதன்கிழமை மோகனா பழைய காரை எடுத்துக்கொண்டு செண்டாயானுக்குப் போனாள். கிளம்புமுன் எந்தச் சேலையைக் கட்டுவது என்று ஒரு மணி நேரம் யோசித்து, கடைசியில் ஆபிஸுக்குப் போடும் சுடிதாரையே போட்டுக்கொண்டாள். தன்னைவிட ஐந்து வயது மூத்தவளைப் பார்க்கப் போகும்போது இவ்வளவு யோசிப்பது அவளுக்கே வெட்கமாக இருந்தது. அரை வழியில் காரை நிறுத்திக் கண்ணாடியில் பொட்டைச் சரிசெய்தாள்.

ஒரே மாதிரியான வீடுகள் வரிசையாக நின்ற தெருவில் கேட்டுக்கு வெளியே கறிவேப்பிலைத் தொட்டி வைத்திருந்த வீடு தனலெட்சுமியுடையது. அவள் ஒரு மருத்துவக் கருவித் தொழிற்சாலையில் லைன் லீடர். காலை ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். நீலச் சீருடை, குட்டையாக வெட்டிய முடி. மோகனா கற்பனை செய்து வைத்திருந்த நீளப் பின்னல் இல்லை. ஆனால் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. அது மோகனாவுக்குப் பிடிக்கவில்லை.

"மண்டோர் சம்சாரம்தானே? வா, உள்ள வா. சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்க்கா."

"பொய் சொல்லாத. மூஞ்சிலயே தெரியுது." ஒரு தட்டில் உருளைக்கிழங்கு அடைத்த கறிபாப் வந்தது. கோப்பி வந்தது. "ம், சொல்லு. அந்தாளுக்கு ஒடம்புக்கு ஏதாச்சுமா?"

"இல்லக்கா. அவருக்கு நல்லாத்தான் இருக்கு." அவருக்கு என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னாள்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். ஒப்பந்தம், இரு நாட்டுச் சட்டம், வெள்ளிக்கிழமை, கையெழுத்து. தனலெட்சுமி கேட்டுக்கொண்டே படிவத்தின் நகலைப் புரட்டினாள். பதினான்காம் கட்டத்தில் அவள் விரல் நின்றது.

"இங்க வசந்தன்னு இருக்கு."

"அது... மாறிப் போச்சுக்கா."

"யாரு தட்டினது?"

மோகனா கோப்பியைப் பார்த்தாள். "நான்தான்."

"அந்தாளு சொல்லியா?"

"இல்ல. அவரு உங்க பேரத்தான் போடச் சொன்னாரு."

தனலெட்சுமி நாற்காலியில் சாய்ந்தாள். சிரிக்கப் போகிறாளா கத்தப் போகிறாளா என்று தெரியவில்லை.

"பதிமூணு நிரை மரம். நான் ஒத்தையா மண்வெட்டி புடிச்சு வெட்டின குழி. கையெல்லாம் கொப்பளம். அதுல என் பேர எடுத்துட்டு உன் புருசன் பேர வெச்சிட்ட. ஏம்மா?"

"ஏன்னா..." மோகனாவுக்குக் கண் நிறைந்தது. அழக் கூடாது என்று வைராக்கியமாக வந்திருந்தாள். "ஏன்னா அவரு உங்க பேர அவ்ளோ சுளுவாச் சொன்னாரு. எனக்குப் பொறுக்கல. நாலு வருசமா ஞாயித்துக்கெழம அவரு எங்கிட்ட இருந்ததே இல்ல. உங்க குழியிலதான் இருக்காரு."

வெளியே பள்ளிப் பேருந்து ஒன்று போனது. தனலெட்சுமி ஒரு கறிபாப்பை எடுத்து இரண்டாகப் பிய்த்துப் பாதியை மோகனாவின் தட்டில் வைத்தாள்.

"நான் எதுக்குக் குழி வெட்டினேன்னு அந்தாளு சொல்லியிருக்காரா?"

"மரம் நல்லா இருக்கும்னு."

"மரமா!" இப்போது உண்மையாகவே சிரித்தாள். "பஞ்சாலைன்னு ஒருத்தி இருந்தா. பத்தாம் நம்பர்ல பால் வெட்டுவா. தெனமும் காலையில பெரட்டு நிக்கும்போது, பேர் கூப்பிட்டு முடிச்சதும் உன் புருசன் அத்தன பேர் முன்னால சொல்லுவாரு: பஞ்சாலைய பாருங்க, எவ்வளவு பால், எவ்வளவு சுத்தம்! கட்டின பொண்டாட்டி நான் பக்கத்துலயே நிக்கிறேன். எம் பக்கம் திரும்பமாட்டாரு. மண்டோர்னா பாரபட்சம் காட்டக் கூடாதாம். எனக்கு வயிறு எரியும். அவளவிட ஒரு மங்கு பாலாவது கூட எடுத்துக் காட்டணும்னுதான் குழி வெட்ட ஆரம்பிச்சேன். இலை, புழுக்கை, சாம்பல், எதக் கண்டாலும் போட்டுப் பாத்தேன். ரெண்டாவது வருசம் அவள முந்திட்டேன்."

"அவரு பாராட்டினாரா?"

"ம்க்கும். 'தனலெட்சுமி, பரவால்ல'ன்னாரு. அவ்ளோதான்."

மோகனாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள்; முடியவில்லை. பரவால்ல! போன தீபாவளிக்கு அவள் நாள் முழுக்க நின்று செய்த அதிரசத்துக்கும் அதே சொல்தான் கிடைத்தது. இரண்டு பெண்களும் சிரித்தார்கள். ஆனால் சிரிப்பு முடிந்ததும் தனலெட்சுமி படிவத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். கையெழுத்துப் போடவில்லை.

"அக்கா?"

"இரு. எனக்கும் கொஞ்சம் கோவம் இருக்குல்ல? நீ ஒரு மணி நேரம் கார் ஓட்டிட்டு வந்து அழுதா ஒடனே போட்டுருவேனா? இப்ப அந்தாளு வாசல்லயே சேண்டல கழட்டி வெச்சிட்டுத்தான் வீட்டுக்குள்ள வர்றாராமே. ராசாவுல கோயில் திருவிழாவுக்குப் போனப்ப தோட்டத்து ஆளுங்க சொன்னாங்க. பன்னெண்டு வருசம் நான் கத்தினேன். சேத்தோடதான் வருவாரு. நீ என்னா சொல்லித் திருத்தின?"

"ஒண்ணும் சொல்லலக்கா. அவராவேதான்."

"அதுதான் எனக்கு எரியுது" என்றாள் தனலெட்சுமி. "போ. வெள்ளிக்கெழம நான் வந்தா வருவேன்."

திரும்பும் வழியெல்லாம் மோகனாவுக்கு ஒரே குழப்பம். அவள் வரவில்லை என்றால் ஒன்பதாம் நம்பர் போய்விடும். வசந்தன் வாழ்நாள் முழுவதும் அதை மறக்கமாட்டான். வந்துவிட்டாலோ, அவளும் அவனும் பத்து நாள் இந்தியாவில். எது மோசம் என்று எடை போட்டுப் பார்த்தாள். லுக்குட் சிக்னலில் பச்சை விழுந்து பின்னால் லாரி ஹாரன் அடிக்கும்வரை எடை போட்டுக்கொண்டிருந்தாள்.

*

வெள்ளிக்கிழமை ஒன்பதரை ஆகியும் யாரும் வரவில்லை. ஒன்பதாம் நம்பர் ஓரத்தில் புவான் ரொஸ்னானி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முகுந்தன் புட்டுச் சிரட்டை அளவுக்கு ஒரு கண்ணாடிக் குப்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வசந்தன் மோகனாவிடம் இரண்டு நாளாகத் தேவைக்கு மேல் பேசவில்லை.

ஒன்பதே முக்காலுக்குச் செம்மண் பாதையில் ஒரு மைவி கார் குலுங்கி வந்தது. தனலெட்சுமி சீருடையோடு இறங்கினாள். யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. நேரே குழிக்குப் போனாள். எட்டிப் பார்த்தாள். ஒரு குச்சியால் மண்ணைக் கிளறினாள்.

"யோவ், என்னா இது?"

வசந்தன் முன்னால் வந்தான். "என்னா?"

"புழுக்கைய அப்பிடியே பச்சையாவா கொட்டுற?"

"நீ அப்பிடித்தானே போட்ட?"

"எப்பப் பாத்த நீ? நான் ஆட்டுக் கொட்டாயிக்குப் பின்னால ரெண்டு மாசம் சாக்குப் போட்டு மூடி வெப்பேன். வெள்ளையாப் பூத்ததும்தான் எடுத்துப் போடுவேன். இலைய மொதல்ல காய வெக்கணும். ஈர இலைய எவன் போடுவான்? பன்னெண்டு வருசம் பக்கத்துல இருந்து இதத்தான் பாத்தியா?"

முகுந்தன் குப்பியைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தார். "அம்மா, திரும்பச் சொல்லுங்க. மூடி வெப்பீங்களா? வெள்ளையாப் பூக்குமா?" சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். "அதான்! அதுதான் எங்க குழியில வரல்ல. ஆறு மாசமா மண்டைய உடைச்சிட்டு இருக்கேன்."

புவான் ரொஸ்னானிக்கு மோகனாதான் மலாயில் மொழிபெயர்த்தாள். அவர் தலையாட்டிவிட்டு, தவறான ஆளின் பெயரோடு இந்தக் காகிதம் கடல் தாண்டியதால் தவறான முறையும் அதோடு தாண்டிவிட்டது என்றார். அதில் குத்தல் இல்லை. இருந்தாலும் மோகனாவுக்குக் குத்தியது. ஒரு பெண்மீது தனக்கிருந்த எரிச்சலால் எங்கேயோ கன்னியாகுமரியில் இருபது குழிகள் வீணாயிருக்கின்றன. யாரோ வெயிலில் நின்று அவற்றை வெட்டியிருக்கிறார்கள்.

குழி ஓரத்தில் அவர்கள் இருவரும் இன்னும் வாதாடிக்கொண்டிருந்தார்கள். அவன் மண்வெட்டியைப் பிடித்தான். அவள் பிடுங்கிக் காட்டினாள். "இப்பிடிலா, இப்பிடி!" என்றாள். பன்னிரண்டு வருடம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தவர்கள் மட்டும் போடக்கூடிய சண்டை அது. மோகனா அப்படி ஒரு சண்டையை அவனோடு இதுவரை போட்டதில்லை. அவன் காது சிவக்கவே இல்லை என்பதையும் கவனித்தாள்.

"படிவத்த சரி பண்ணிட்டு வரேன்" என்று புவான் ரொஸ்னானியிடம் மலாயில் சொல்லிவிட்டு ஆபிஸுக்கு நடந்தாள்.

கணினியைத் திறந்தாள். பதினான்காம் கட்டம். வசந்தன் என்ற பெயரை அழித்துவிட்டு தனலெட்சுமி என்று தட்டினாள். ஒவ்வொரு எழுத்தாகத்தான் தட்டினாள். முதலில் இந்தப் படிவம் வந்த நாளில் இதைச் செய்திருக்க ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

பதினைந்தாம் கட்டம்: முறையைத் தொடங்கிய காரணம். அங்கே அவளே எட்டு மாதத்துக்கு முன்பு, 'மரங்களின் நலன்' என்று எழுதியிருந்தாள். அதை அப்படியே விட்டாள்.

பதினேழாம் கட்டம்: இந்தியப் பயணத்துக்குக் களப் பொறுப்பாளராக வருபவர்.

கட்டம் காலியாக இருந்தது. மோகனாவின் விரல்கள் விசைப்பலகைமேல் நின்றன. களப் பொறுப்பாளர் யார்? ஒவ்வொரு மாதமும் எத்தனை மரத்தில் எத்தனை இலை உதிர்ந்தது என்று நான்கு வருடமாகக் கணினியில் பதிந்து வைத்திருப்பது அவள்தான். தன் பெயரைத் தட்டினால் யாரும் கேட்கப் போவதில்லை. கேட்டாலும் பதில் இருக்கிறது. அவன் வீட்டில் இருப்பான். பத்து நாளும் அவன் எங்கே இருக்கிறான் என்று தெரியும்.

மோ என்று தட்டினாள். அதைப் பார்த்தாள்.

ஒருமுறை இதே நாற்காலியில் உட்கார்ந்து, இதே காரணத்துக்காக ஒரு பெயரை மாற்றினோம். இப்போது செய்யப் போவதும் அதே வேலை. இந்தத் தடவை கெட்டுப் போவது யாருடைய குழியோ?

அழித்தாள். வசந்தன் என்று தட்டினாள். தட்டும்போது வயிறு எரிந்தது. அந்த எரிச்சல் குறையவே இல்லை. அச்செடுத்துக்கொண்டு திரும்ப நடந்தாள்.

மணி பத்து இருபத்தைந்து. தனலெட்சுமி காரின் பானட்மேல் காகிதத்தை விரித்துப் படித்தாள். பதினான்கில் தன் பெயரைப் பார்த்ததும் விரலால் ஒருமுறை தடவினாள். பதினைந்துக்கு வந்ததும் புருவத்தைத் தூக்கினாள்.

"மரங்களின் நலனா? இது யாரு சொன்னது?"

"அக்கா, இத ரெண்டு கவர்மெண்டு படிக்கும்."

"படிக்கட்டுமே. பஞ்சாலை மேல இருந்த பொறாமைன்னு எழுது."

முகுந்தன் விழுந்து விழுந்து சிரித்தார். புவான் ரொஸ்னானிக்கு மொழிபெயர்த்ததும் அவரும் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, இது அவர் வாக்குமூலம், அவர் சொன்னபடிதான் இருக்க வேண்டும் என்றார். மோகனா பேனாவால் அடித்துவிட்டு, 'சக பால்வெட்டாளர் ஒருவர்மேல் கொண்ட பொறாமை' என்று ஆங்கிலத்தில் எழுதினாள். பக்கத்தில் எட்டிப் பார்த்த வசந்தனின் காது இப்போது சிவந்தது.

"பஞ்சாலை மேலயா? எதுக்கு?"

"ஒனக்கு இப்பத்தான் தெரியுது" என்றாள் தனலெட்சுமி.

பதினேழுக்கு வந்தபோது அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"இது சரியில்ல."

"என்னாக்கா?"

"இந்தாளுகூட நான் ஏரோப்ளேன் ஏறமாட்டேன். பன்னெண்டு வருசம் கேட்டது போதும் இவரு குறட்டைய. அதுவும் இப்ப பாத்தீங்கள்ல டாக்டர், இவருக்குப் புழுக்கைகூட ஒழுங்காப் போடத் தெரியல. அங்க வந்து என்னா சொல்லிக் குடுப்பாரு?" திரும்பி மோகனாவைப் பார்த்தாள். "இலைக் கணக்கு யாரு எழுதறது?"

"நான்தான்."

"இங்கிலீஷ், மலாய் யாரு பேசறது?"

"நான்தான்."

"அப்ப நீ வா."

"அக்கா, நான் எப்பிடி..."

"ஏன், ஒன் பேர எழுத ஒனக்குக் கை வரலியா? என் பேர எடுக்க மட்டும் நல்லா வந்திச்சு." கோபமாகச் சொல்வது போலத்தான் சொன்னாள். ஆனால் பேனாவை நீட்டினாள். "அடிச்சிட்டு எழுது. நேரமாகுது பாரு."

மோகனா வசந்தனைப் பார்த்தாள். அவன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான். "அதுதான் சரி" என்றான். "எழுது. கணக்கு உன்னுதுதானே."

அவள் எழுதினாள். தனலெட்சுமி பெரிய பெரிய எழுத்தில் கையெழுத்துப் போட்டாள். புவான் ரொஸ்னானி காகிதத்தைப் படம் எடுத்து புத்ராஜெயாவுக்கு அனுப்பினார். பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருந்தது. பதினொன்றேகாலுக்குப் பதில் வந்தது: ஒன்பதாம் நம்பர் இணைப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. முகுந்தன் முதல் குப்பியில் மண்ணை அள்ளினார்.

*

எல்லாரும் போன பிறகு இருவரும் காட்டுப் பாதையில் நடந்தார்கள். வசந்தன் மோட்டாரைத் தள்ளிக்கொண்டு வந்தான். பிறகு தொண்டையைச் செருமினான்.

"பத்து நாளு ரெண்டு பேரும் என்னா பேசுவீங்க?"

"இலையப் பத்தி."

"இலைய மட்டுந்தானா?"

"வேற என்னா இருக்கு?" என்றாள் மோகனா.

அவன் இன்னும் பத்தடி நடந்தான். "அவ சொல்றதெல்லாம் நம்பாதலா. அவளுக்குக் கொஞ்சம் கூட்டிச் சொல்ற பழக்கம்."

"என்னா கூட்டிச் சொல்லுவாங்க?"

"சும்மா... ஏதாச்சும்."

மோகனா அவன் முகத்தைப் பார்த்தாள். நான்கு வருடமாகக் கண்ணாடியில் தன்னிடம் பார்த்த அதே பொறாமை முகம். அது அவனுக்கு அவ்வளவு அழகாக இருக்கும் என்று அவள் நினைக்கவே இல்லை.

அவள் கைப்பேசி சிணுங்கியது. தெரியாத எண். 'பாஸ்போர்ட் இருக்கா? இல்லனா திங்கள் நான் லீவு, சேந்து போய் எடுக்கலாம். அப்பறம் ஒரு விஷயம் கேக்கணும், அந்தாளுகிட்ட சொல்லாத.'

"யாரு?" வசந்தன் மோட்டாரை நிறுத்திவிட்டுக் கழுத்தை நீட்டினான். "தனலெட்சுமியா? என்னா எழுதியிருக்கா?"

மோகனா திரையைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள்.